மூன்று முறை 6.40

செப்டம்பர் 2

அனுப்புநர்: புள்ளியியல் அலுவலர், வெள்ளக் கணிப்புப் பிரிவு, தலைமை அலுவலகம்
பெறுநர்: நீர்மட்டப் பதிவாளர், பாலத்தடி அளவு நிலையம்

ஐயா,

பொருள்: ஆண்டு உச்ச நீர்மட்டம் – விளக்கம் கோருதல்.

தங்கள் நிலையத்தின் முப்பத்தொரு ஆண்டுப் பதிவுகளிலிருந்து, ஒவ்வோர் ஆண்டும் ஆறு தொட்ட மிக உயர்ந்த மட்டத்தை மட்டும் எடுத்து, நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தின் உயரத்தை இப்பிரிவு கணித்தது. ஆற்றின் கரைச்சுவர் அக்கணிப்பின்படியே கட்டி முடிக்கப்பட்டுள்ளது. இறுதிச் சான்றில் நான் இம்மாதம் 30ஆம் தேதி கையெழுத்திட வேண்டும்.

சரிபார்க்கும்போது மூன்று ஆண்டுகளில் உச்ச மட்டம் ஒன்றுபோல 6.40 மீட்டர் என்று இருப்பது தெரியவந்தது. மூன்று வெவ்வேறு வெள்ளங்கள் ஒரே சென்டிமீட்டரில் வந்து நிற்பது வழக்கமல்ல. விளக்கம் தேவை. அவசரம்.

புள்ளியியல் அலுவலர்

பின்குறிப்பு (கையால் எழுதியது): அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா?


செப்டம்பர் 6

அம்மையீர்,

தங்கள் கடிதம் கிடைத்தது. பதிவேட்டில் உள்ளது உள்ளபடி சரி.

எங்கள் அளவுப் பலகையின் உயரமே 6.40 மீட்டர்தான். அதற்குமேல் எண் கிடையாது. பலகையில் தெரிவதை மட்டுமே எழுத வேண்டும் என்பது விதி. தண்ணீர் பலகையை மூழ்கடித்தால் அதைக் குறிப்புக் கலத்தில் எழுத வேண்டும். எழுதியிருக்கிறேன். தலைமை அலுவலகத்தில் யாராவது பதிவேட்டைப் பிரித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இரண்டு வருடங்களுக்கு முன், தானியங்கிக் கருவி பொருத்துவது பற்றிய கூட்டத்தில், "மனுஷங்க எடுக்கிற அளவை நம்பி எதையும் கட்ட முடியாது" என்று தாங்கள் பேசினீர்கள். எல்லாரும் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் நாற்காலி கிடைக்காமல் நின்றுகொண்டிருந்த மனுஷன் நான்தான். இப்போது அதே மனுஷன் எடுத்த அளவை நம்பிச் சுவரே கட்டிவிட்டீர்கள் என்று அறிந்து மகிழ்ச்சி.

நீர்மட்டப் பதிவாளர்

பின்குறிப்பு: முழங்கால் வலி இல்லை. இப்போது இடுப்பு வலி. இரண்டு வருடத்தில் வலி இடம் மாறிவிட்டது.


செப்டம்பர் 10

அண்ணா,

அலுவலகத் தமிழ் போதும். எட்டு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கூட்டத்தில் நான் பேசியது தப்பு. நீ பின்னால் நிற்பது தெரியாது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன், ஆனால் மனதில் நினைத்திருப்பேன். அதுதான் உனக்கு உறைத்தது என்பதும் தெரியும்.

உன் கடிதம் வந்த அன்றே சேமிப்பறைக்குப் போய் மூலப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். இருபத்தொன்பது வருடத்துக்கு முந்தைய 6.40க்கு எதிரே "பலகை மூழ்கியது" என்று உன் கையெழுத்து. இருபது வருடத்துக்கு முந்தையதிலும் அப்படியே. இந்தப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றியது யார் தெரியுமா? நான்தான், வேலைக்குச் சேர்ந்த புதிதில். குறிப்புக் கலம் எழுத்தாக இருந்தது, எனக்கு வேண்டியது எண். "அதெல்லாம் வேண்டாம், நம்பர் மட்டும் போதும்" என்று நானே சொல்லி, அந்தக் கலத்தையே எடுத்துவிட்டேன்.

அதன் விளைவைக் கேள். எங்கள் கணக்கில் சராசரி மழை, சராசரி வெள்ளம் எதுவும் வேலைக்கு ஆகாது. வருடத்தின் உச்சங்களை மட்டும் வரிசையாக வைத்து, இன்னும் யாரும் பார்க்காத உச்சம் எவ்வளவு இருக்கும் என்று கேட்கிறோம். மூன்று பெரிய வெள்ளங்களும் 6.40இல் நின்றதைப் பார்த்த கணக்கு, இந்த ஆற்றுக்கு மேலே ஒரு கூரை இருக்கிறது என்று நம்பிவிட்டது. எந்தக் காலத்திலும் 6.70ஐத் தாண்டாது என்றது. கொஞ்சம் கூட்டிப் போட்டு 7.20க்குச் சுவர் எழுப்பினார்கள். அந்தக் கூரை ஆற்றுடையது இல்லை, உன் பலகையுடையது.

சுவருக்குப் பின்னால் பள்ளத்தில் கட்டிய மகப்பேறு மருத்துவமனை அடுத்த மாதம் திறக்கிறது. தரைத்தளம் 5.60 மட்டத்தில். அங்கேதான் பச்சிளம் குழந்தைகள் வார்டு. அங்கேதான் உன் மகளுக்கு, என் மருமகளுக்கு, நர்ஸ் வேலை. "அத்தை, முப்பது தொட்டிலும் வந்தாச்சு!" என்று நேற்று போனில் குதித்தாள்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். நடுவில் உள்ள 6.40, இருபத்துநாலு வருடத்துக்கு முன், ஆகஸ்ட் 11. அதற்குக் குறிப்பு எதுவும் இல்லை. மணிக்கு மணி எழுதியிருக்கிறாய். 5.10, 5.80, 6.30, 6.40, 6.40, பிறகு இறக்கம். அந்தத் தேதியை நான் மறக்க மாட்டேன். என் கல்லூரி நேர்முகத் தேர்வு. பஸ் ஓடாததால் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனது நீ.

அன்று நீ பலகைக்கு முன்னால் இல்லை என்று உன்னைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும்.

தங்கை


செப்டம்பர் 14

கணக்குப்புலிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உன் அண்ணி "யார் கடிதாசி?" என்று கேட்டாள். அலுவலக சமாச்சாரம் என்று மென்று விழுங்கினேன்.

ஆமாம், இல்லை. அதற்கு என்ன இப்போது? யாருக்காகப் போனேன்? எனக்குக் கல்யாணமா, விருந்தா? அன்று நான் உன்னை ஏற்றிக்கொண்டு போகாவிட்டால் இன்று உனக்கு அந்த நாற்காலியே கிடையாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கிறாய். நன்றாக இருக்கிறது.

முப்பத்தொரு வருடத்தில் ஒரே ஒரு நாள். காய்ச்சலோடு போயிருக்கிறேன், அப்பா இறந்த மறுநாள் போயிருக்கிறேன். எட்டு மாதத்தில் ஓய்வு. பொய்ப் பதிவு எழுதினவன் என்று பெயர் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்கிறாயா? இந்த ஊரில் என்னை எல்லாரும் எப்படிக் கூப்பிடுகிறார்கள் தெரியுமா? "அளவு". பெயரே அதுதான். "அளவு வரார், மணி எட்டு ஆயிடுச்சு" என்பார்கள்.

அந்த ஒரு எண்ணை விட்டுவிடு. மற்ற இரண்டை மூழ்கியது என்று திருத்திக்கொள். முப்பத்தொன்றில் ஒன்று குறைந்தால் உன் கணக்கு செத்தா போய்விடும்?

போன் செய்யாதே. போனில் நீ பாதியில் வெட்டுவாய், நான் பாதியில் கத்துவேன்.

அண்ணன்


செப்டம்பர் 18

அண்ணா,

நீ சொன்னதைச் செய்து பார்த்தேன். உண்மையைச் சொன்னால், நீ சொல்வதற்கு முன்பே செய்து பார்த்துவிட்டேன்.

அந்த எண்ணை எடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் "6.40க்கு மேல், எவ்வளவு என்று தெரியாது" என்று போட்டால், நூறாண்டு வெள்ளம் 6.95. மூன்றையுமே அப்படிப் போட்டால் 7.10. இரண்டிலும் சுவர் தப்பிக்கிறது. நூலிழையில்தான், ஆனால் தப்பிக்கிறது. நான் 30ஆம் தேதி கையெழுத்துப் போடலாம். உன் பெயரும் கெடாது, என் பெயரும் கெடாது. காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும்.

இரண்டு நாளாக அந்தக் காகிதத்தை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூன்று முறை பேனாவை எடுத்தேன்.

என் வேலையில் ஒரு கொடுமை உண்டு. மற்ற கணக்குகளில் ஒரு எண் தவறினால் மற்றவை அதைச் சமாளித்துவிடும். உச்சங்களின் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிய எண்தான் முக்கால்வாசி பேசும். இருபத்தெட்டு சாதாரண வருடங்கள் ஒரு மூலையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்த ஒரு நாளை விட்டுவிடு என்கிறாய். எனக்கு அந்த ஒரு நாள்தான் வேண்டும்.

உண்மையான உயரம் 6.45 என்றால் நாம் இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கலாம், நான் யாரிடமும் எதுவும் சொல்லப் போவதில்லை. அதனால் ஒரே ஒரு கேள்வி. நீ திரும்பி வந்தபோது எதையாவது பார்த்தாயா? சேறு, ஈரம், ஏதாவது? உனக்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது. தெரியாதவன் இவ்வளவு கோபப்பட மாட்டான்.

முப்பது தொட்டில் அண்ணா. இன்குபேட்டர்களை ஒருவர் தனியாகத் தூக்க முடியாதாம், உன் மகள்தான் சொன்னாள்.

தங்கை


செப்டம்பர் 23

தங்கச்சி,

ஐந்து நாள் எழுதவில்லை. மூன்று நாள் உன்மேல் கோபம், இரண்டு நாள் என்மேல்.

அன்று காலை ஆறு மணிக்குப் பலகையில் 3.90. மழை விடவில்லை. நீ சான்றிதழ்ப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாய். அழவில்லை. அழுதிருந்தால் "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் விடு" என்று சொல்லியிருப்பேன். நீ கணக்குப் போட்டாய். "ஸ்கூட்டர்ல போனா மூணு மணி நேரம். என்னை விட்டுட்டு நீ பன்னெண்டு மணிக்குத் திரும்பிடலாம், ஆறு அதுக்குள்ள ஏறாது." உன் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஸ்கூட்டர்தான் கணக்கில் வரவில்லை. திரும்பும்போது பிளக்கில் தண்ணீர் புகுந்து, ஏழு மைல் தள்ளிக்கொண்டே வந்தேன். நிலையத்தை அடையும்போது மாலை ஐந்து.

ஆறு வந்துவிட்டுப் போயிருந்தது. அப்போது பள்ளத்தில் வீடுகள் கிடையாது, வெறும் காடு. பார்த்தவன் ஒருவனும் இல்லை. அறைக் கதவு திறந்து கிடந்தது. நான் கழற்றிப் போட்ட செருப்பில் ஒன்று மிதந்து போய் மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. சுவரில் சேற்றுக்கோடு, நூல் பிடித்ததுபோல நான்கு சுவரிலும் ஒரே மட்டம். டேப் வைத்து அளந்தேன். தரையிலிருந்து 72 சென்டிமீட்டர். அறையின் தரை பலகைக் கணக்கில் 6.90.

கூட்டிக்கொள். 7.62.

அதை எழுதியிருக்கலாம். எழுதினால், மணிக்கு மணி எங்கே என்று கேட்பார்கள். அதனால் உட்கார்ந்து பத்து மணி நேரத்தையும் கற்பனையில் எழுதினேன், மூழ்கியது என்றால் கேள்வி வரும் என்று பலகையின் உச்சியோடு நிறுத்திக்கொண்டேன். முப்பத்தொரு வருடப் பதிவேட்டில் அன்றைய கையெழுத்துதான் ரொம்ப அழகாக இருக்கும், போய்ப் பார். மறுநாள் சுவர்களைக் கழுவினேன். கிழக்குச் சுவரில் மட்டும் கழுவ மனம் வரவில்லை. சிவப்புப் பென்சிலால் சேற்றின்மேல் ஒரு கோடு போட்டு, தேதி எழுதி, இரும்பு பீரோவை அதன்மேல் சாத்தினேன். ஏன் போட்டேன், ஏன் மறைத்தேன் என்று கேட்காதே. இரண்டையும் செய்தவன் ஒரே ஆள்தான். வெள்ளையடிக்க வந்தவர்கள் எத்தனை முறை நகர்த்தச் சொன்னார்கள். உள்ளே பதிவேடு இருக்கிறது, தொடக்கூடாது என்று விரட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணியையும் மகளையும் கூட்டிப்போய் பீரோவை நகர்த்தினோம். கோடு அப்படியே இருக்கிறது. மகள் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள். அவள் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே. பிறகு அவள் என்னைக் கேட்டது ஒன்றே ஒன்று. "இந்த அறை எங்க வார்டை விட எவ்ளோ மேல இருக்குப்பா?" எனக்குக் கழித்தல் தெரியும். ஆனால் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவளே போட்டுக்கொண்டாள்.

என் கைப்பட எழுதிய வாக்குமூலமும் டேப் வைத்து எடுத்த புகைப்படமும் இதோடு இருக்கின்றன. யாருக்காகப் போனேன் என்று எழுதவில்லை. சொந்த வேலை என்று எழுதியிருக்கிறேன், நீ அதைத் திருத்தாதே.

அனுப்பிவிடு. நான் மனம் மாறுவதற்குள் அனுப்பிவிடு.

அண்ணன்


அக்டோபர் 4

அண்ணா,

30ஆம் தேதி நான் கையெழுத்துப் போடவில்லை.

7.62ஐப் போட்டதும் கூரை காணாமல் போய்விட்டது. நூறாண்டு வெள்ளம் 7.90. சுவர் 7.20. ஒவ்வொரு வருடமும் முப்பதில் ஒரு வாய்ப்பு, தண்ணீர் சுவரைத் தாண்டுவதற்கு. இதைக் கூட்டத்தில் சொன்னேன். தலைமைப் பொறியாளர் நீ அனுப்பிய புகைப்படத்தைத் தூக்கிக் காட்டி, "இருவத்தி நாலு வருஷம் கழிச்சு பீரோவுக்குப் பின்னாடியிருந்து வெள்ளம் வருதா?" என்றார். சிரித்தார்கள். "பொய் எழுதினேன்னு அவரே சொல்றார். அப்ப இது மட்டும் நிஜமா? அதுவும் உங்க அண்ணனாமே?"

அது நியாயமான கேள்வி. எழுந்து சொன்னேன். "அவர் பொய் எழுதினது என்னைக் காலேஜுக்குக் கூட்டிட்டுப் போனதால. குறிப்பை அழிச்சது நான். ரெண்டு பேர் தப்பையும் ஒண்ணா வெச்சுதான் இந்தச் சுவர் நிக்குது." திருத்தாதே என்றாய். திருத்திவிட்டேன். கோபித்துக்கொள்.

மருத்துவமனையின் தலைமை மருத்துவரும் கூட்டத்தில் இருந்தார். "முப்பதுல ஒண்ணு ஆபத்துன்னு ஒரு தாய்க்கு வந்தா நான் அவளை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். தொட்டில்களை மாடிக்கு ஏத்துங்க" என்றார். அவ்வளவுதான். சுவரை உயர்த்துவது பற்றி ஆராய ஒரு குழு போட்டிருக்கிறார்கள். உன் பலகையை ஒன்பது மீட்டருக்கு நீட்ட உத்தரவு வந்திருக்கிறது, அதை உடனே செய்.

என்னைக் கணிப்புப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். சேமிப்பறையில் உட்கார்ந்து, எல்லா நிலையங்களின் பழைய குறிப்புக் கலங்களையும் கணினியில் ஏற்ற வேண்டுமாம். தண்டனை என்று நினைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

உனக்கு விசாரணை நோட்டீஸ் வரும். நவம்பர் முதல் வாரம். பயமாக இருக்கிறதா? எனக்கு இருக்கிறது.

தங்கை


அக்டோபர் 27

தங்கச்சி,

நேற்று ஆறு வந்தது.

காலை ஆறு மணிக்கு 4.20. எட்டுக்கு 5.30. எட்டரைக்கு ஒரு மரம் அடித்து வந்து அந்தக் கூட்டத்துக்குப் பிறகு பொருத்திய உன் தானியங்கிக் கருவியை இடித்தது, அது 5.80லேயே கண்ணை மூடிக்கொண்டது. சந்தோஷப்பட்டேன் என்று எழுதக் கூசுகிறது, ஆனால் கொஞ்சம் பட்டேன். பிறகு நானும் பலகையும்தான்.

பத்து மணிக்கு 6.25. பழைய பலகை முடிகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். புதிதாக ஒட்டிய பகுதி பளிச்சென்று மேலே காத்திருந்தது. பத்தே முக்காலுக்கு 6.37. மகள் மாடி ஜன்னலிலிருந்து போன் செய்தாள். வடிகால் வழியாகத் தண்ணீர் திரும்பி ஏறி, கீழ் வார்டில் கணுக்கால் அளவு நிற்கிறதாம். அது உன் கணக்கிலும் வராத வழி, என் பலகையிலும் வராத வழி. தொட்டில்கள் எல்லாம் மாடியில். "குழந்தைங்க தூங்குதுப்பா, நீங்க கரையிலேர்ந்து தள்ளி நில்லுங்க" என்றாள்.

பதினொன்று இருபதுக்கு ஆறு நின்றது. நாற்பது நிமிடம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. எங்கே நின்றது தெரியுமா?

6.40.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. உலகத்தில் வேறு எண்ணே இல்லையா இந்த ஆற்றுக்கு? மேலே இரண்டு மீட்டருக்கு மேல் பலகை சும்மா இருக்கிறது. உன் அண்ணியை வரவழைத்துக் குடையோடு நிறுத்திப் படிக்கச் சொன்னேன். "ஆறு நாப்பது. இதைப் பாக்கவா என்னை மழையில இழுத்துட்டு வந்தீங்க?" என்றாள். அவள் கையெழுத்தையும் பதிவேட்டில் வாங்கிவிட்டேன், விதியில் இடம் இருக்கிறதோ இல்லையோ.

மாலையில் தலைமைப் பொறியாளர் போன் செய்தார். "எவ்ளோ?" என்றார். சொன்னேன். "மறுபடியும் அதே நம்பரா? விசாரணையில வந்து சொல்லுங்க, எல்லாரும் கேட்கட்டும்" என்று வைத்துவிட்டார். சுவர் நின்றதால் உன் கணக்கும் தப்பு என்று பேசிக்கொள்கிறார்களாம். ஒரு வருடம் தாண்டாவிட்டால் என்ன ஆகும் என்று நீ ஒருமுறை எனக்குச் சொல்லிக்கொடு, நான் விசாரணையில் சொல்கிறேன்.

இந்த முறை பலகை முடிந்ததால் இல்லை, தண்ணீர் முடிந்ததால் 6.40. ஒரு மனுஷன் எடுத்த அளவு. மற்றவர்கள் நம்பாவிட்டால் போகட்டும். நீ நம்புவாயா?

அண்ணன்


அக்டோபர் 31

அண்ணா,

உன் கடிதம் காலையில் வந்தது. மற்ற வேலையை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு முதலில் அட்டவணையைத் திறந்தேன். முப்பத்திரண்டாவது ஆண்டு, உச்ச மட்டம், 6.40. இப்போது அங்கே குறிப்புக் கலம் இருக்கிறது, நான் திரும்பச் சேர்த்தது. அதில் இப்படி எழுதியிருக்கிறேன்: "பதிவாளர் நேரில் நின்று பார்த்தது."

தண்ணீர் சுவரைத் தாண்டாத ஒரு வருடம் எதையும் பொய்யாக்காது. முப்பதில் இருபத்தொன்பது அப்படித்தான் போகும். விசாரணையில் இதைச் சொல்ல நீ வேண்டாம், நான் வந்து சொல்கிறேன். உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து. நாற்காலி ஒன்றுதான் இருந்தால் நான் நிற்கிறேன்.

சனிக்கிழமை வருகிறேன். அண்ணியிடம் சொல், இடுப்பு வலிக்குத் தைலம் வாங்கி வருகிறேன். நான் வருவதற்குள் அறையைக் கழுவுகிறேன், ஒழுங்குபடுத்துகிறேன் என்று கிளம்பாதே. முக்கியமாக, பீரோவைத் திரும்ப அந்தச் சுவரில் சாத்திவிடாதே. எனக்கு அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும்.

தங்கை